அழியாத கோட்டில் ஓர் அறை

தெற்கு மொராவா ஆற்றங்கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊரில் பாதி வீடுகளைத் தெசிமிர் வரைந்திருக்கிறார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அங்கே யாரும் வரைபடம் வைத்துக்கொண்டு வீடு கட்டுவதில்லை. முதலில் வீட்டைக் கட்டுவார்கள். அப்புறம் அதில் குடியேறி, பிள்ளை பெற்று, பிள்ளைக்குக் கல்யாணமும் செய்து வைப்பார்கள். பிறகு ஒருநாள் நகராட்சிக்குத் திடீரென்று ரோஷம் வந்து, அனுமதியில்லாக் கட்டடங்களை முறைப்படுத்திக்கொள்ளுங்கள் என்று நோட்டீஸ் ஒட்டும். அதைப் படித்த பிறகுதான் தெசிமிரின் ஞாபகம் வரும்.

வருகிறவர் அவருடைய முன்னறையில் உட்கார்ந்து, ஒரு கோப்பை காப்பி குடித்தபடி கையை விரித்துத் தன் வீட்டை வர்ணிப்பார். "இந்தப் பக்கம் அடுப்படி, அந்தப் பக்கம் படுக்கை, மாடிப்படி இப்படி வளைஞ்சு போகும்." தெசிமிர் தலையாட்டிக்கொண்டே வரைவார். சுவர் கோணலாக இருக்கிறதா என்று கேட்டதே கிடையாது. தொழில்நுட்பப் பள்ளியில் படித்து, அரசாங்கக் கட்டுமானக் கழகத்தில் அது இழுத்து மூடப்படும் வரை வேலை பார்த்தவர். கோடு என்றால் நேராகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் மதம். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'அடிக்கோல்'. அவருடைய வரைபடங்களை வைத்து ஊரைத் திரும்பக் கட்டினால் ஒருவருக்கும் தன் வீட்டை அடையாளம் தெரியாது. அவ்வளவு ஒழுங்காக இருக்கும்.

இந்த மதத்துக்கு ஒரே ஒரு விசைதான் கோயில்: எட்டாம் விசை. அவருடைய பழைய வரைபட மென்பொருளில் எஃப் எட்டைத் தட்டினால் போதும். அதன் பிறகு கை எப்படி நடுங்கினாலும், முந்தின இரவு எத்தனை கிளாஸ் ரக்கியா உள்ளே போயிருந்தாலும், கோடு குறுக்கே போகும் அல்லது நெடுக்கே போகும். சாய்ந்து மட்டும் போகாது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வுகோசாவ் அன்பு காட்டும் வரை.

வுகோசாவ் அவருடைய கூம். கல்யாணத்தில் பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர் என்று அர்த்தம். ஆனால் அர்த்தம் அத்தோடு நிற்காது. அண்ணன் தம்பியோடு பேச்சை நிறுத்தலாம், மாமியாரைக் கோர்ட்டுக்கு இழுக்கலாம். கூம் மனம் நோகும்படி மட்டும் நடக்கக் கூடாது. நடந்தவனுக்கு ஊரில் யாரும் காப்பி போட்டுக் கொடுக்க மாட்டார்கள். வுகோசாவ் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரத்தில் பூச்சு வேலை செய்கிறவர். ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் வந்து, மச்சினன்மார்களைச் சேர்த்துக்கொண்டு தன் வீட்டில் கொஞ்சம் கட்டிவிட்டுப் போவார். அப்படியே மூன்று மாடி ஏறிவிட்டது. மூன்றாவது மாடி மகனுக்கு. மகன் கிராட்ஸில் வீடு வாங்கி, அங்கேயே பெண் பார்த்து, ஊருக்கு வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். வுகோசாவுக்கும் தெரியும். அதனால் என்ன? மகன் பெயரில் மாடி இல்லையென்றால் ஊரில் நடமாடுவது எப்படி?

இந்த முறை நகராட்சி நிஜமாகவே மிரட்டியது. செப்டம்பர் முடிவதற்குள் வரைபடம் வர வேண்டும். ஆய்வாளர் நேரில் வந்து ஒப்பிடுவார். ஒத்துப்போகாவிட்டால் மேல்மாடி இடிக்கப்படும். வுகோசாவ் நேராகத் தெசிமிரிடம் வந்தார். வெறுங்கையோடு வரவில்லை. வெள்ளி நிறத்தில், முதுகில் கடித்த ஆப்பிள் போட்ட மேக் மடிக்கணினி ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"கூமே, என் வீட்டை நீ அந்த டப்பாவுல வரையக் கூடாது. கிராட்ஸ்ல பெரிய பெரிய ஆர்க்கிடெக்ட் எல்லாம் இதைத்தான் வெச்சிருக்கான்."

தெசிமிருக்குக் கண் கலங்கியது. கலக்கம் தீர்ந்து நிமிர்வதற்குள் அவருடைய பழைய கணினி வுகோசாவின் காரில் ஏறி, பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அன்பு என்றால் அப்படித்தான், பாதி வேலையில் நிற்காது.

வுகோசாவின் அக்காள் மருமகன் வந்து, மேக்குக்குள்ளேயே ஒரு ஜன்னலைத் திறந்து, அதில் விண்டோஸைப் போட்டு, விண்டோஸுக்குள் பழைய வரைபட மென்பொருளையும் போட்டுக் கொடுத்துவிட்டு, ஒரு தட்டு கெபாப் சாப்பிட்டுப் போனான். போகிறபோது சொன்னான், எல்லாம் முன்னே மாதிரியே இருக்கும் என்று.

மறுநாள் காலை தெசிமிர் உட்கார்ந்தார். கூமின் கீழ்த்தளத்து முதல் சுவர். எட்டாம் விசையைத் தட்டினார்.

ட்ரம்பெட் முழங்கியது. ஒன்றல்ல, ஒரு கோஷ்டி. கூடவே பெரிய முரசு. கூமின் மகளுடைய கல்யாணப் பாட்டெல்லாம் அந்தக் கணினியிலேயே தங்கியிருந்தது போலும். தெசிமிர் பயந்துபோய் மறுபடி தட்டினார். நின்றது. ஆனால் அதன் பிறகு போட்ட கோடு சாய்ந்தே கிடந்தது.

நடந்தது இதுதான். விண்டோஸ் அந்த மேக்குக்குள் குடக்கூலிக்கு வந்திருக்கும் ஆள். கதவை யார் தட்டினாலும் முதலில் வந்து திறப்பது வீட்டுக்காரர். எட்டாம் விசையைத் தட்டினால், பாட்டுப் போடச் சொல்கிறார்கள் என்று வீட்டுக்காரர் முடிவு செய்துகொள்வார். மூன்றாம் விசை சுவர் முனைகளைச் சரியாகப் பிடித்து ஒட்டுவதற்கானது. அதைத் தட்டினால், திறந்திருக்கும் எல்லா ஜன்னலையும் சின்னதாக்கித் திரையில் பரப்பி, எது வேண்டும் என்பார். உள்ளே குடியிருப்பவருக்குச் செய்தியே போகாது. தெசிமிருக்கு இந்தக் குடித்தனச் சண்டை எதுவும் தெரியாது. இயந்திரம் தன்னைக் கேலி செய்கிறது என்று மட்டும் தெரிந்தது.

முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்த மனைவி ரொசாந்தா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். வருஷத்துக்கான ஐவார்த் தொக்கு கிளறும் பருவம். வீடெல்லாம் புகை.

"கோடு போடறியா, கல்யாணக் கச்சேரி வெக்கிறியா?"

"வேலை செய்யறேன்."

"யாருக்குக் கல்யாணம்னு அக்கம்பக்கத்துல கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

கதவைச் சாத்தச் சொன்னார். அவள் சாத்திவிட்டு, கதவுக்கு அந்தப் பக்கமிருந்தே மீதியையும் சொன்னாள்.

சாய்ந்த கோட்டை அழிக்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. டெலீட் என்று எழுதியிருந்த விசையை அமுக்கினார். கோடு அசையவில்லை. விரல் நோக அமுக்கினார். கோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. பட்டியல்களைத் திறந்து தேடலாமென்றால், அந்தப் பளபளப்பான திரையில் எழுத்தெல்லாம் எறும்பு அளவுக்குச் சுருங்கியிருந்தது. பழக்கதோஷத்தில் இடது கை ஓரத்துக் கடைசி விசையையும் இஸட்டையும் சேர்த்து அமுக்கினார். பழைய கணினியில் அப்படிச் செய்தால் செய்த தப்பு மறைந்துவிடும். இங்கே தப்பு திரை முழுக்கப் பெரிதாகி வந்து நின்றது. ஓரத்திலிருந்த அந்த விசையில் 'எஃப் என்' என்று இரண்டு எழுத்து. எதற்கும் உதவாத ஒரு விசையை இந்த இடத்தில் வைத்தவன் உருப்படுவானா என்று திட்டிவிட்டு, விரல் மறுபடி அங்கே போகாமலிருக்க அதன்மேல் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டினார். அதற்கடுத்த விசையையும் இஸட்டையும் அமுக்கினால் கடைசியாகப் போட்ட கோடு ஒவ்வொன்றாகப் பின்வாங்கியது. ஆனால் பத்துக் கோடு போட்ட பிறகுதான் அவருக்கு முதல் கோட்டின் தப்பு தெரியும். அங்கே வரை பின்வாங்கினால் காலையிலிருந்து பட்ட பாடு முழுக்கப் போய்விடும்.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் கூமுக்குத் தெரியும். கூம் ஆசையாகக் கொடுத்ததை வைத்து வேலை செய்ய முடியவில்லை என்று சொல்வதும், கூம் வீட்டுக் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று சொல்வதும் ஒன்று.

ஆகவே தெசிமிர் வேறொரு வழி கண்டுபிடித்தார். அழிக்க முடியாத கோட்டுக்குப் பெயர் வைத்தார். ஒரு மூலையில் இரண்டு சுவர் சேராமல் இடைவெளி விட்டது; அங்கே ஒரு தூண் வந்தது. ஒரு கோடு வாசலைத் தாண்டித் தெருவுக்கே ஓடியது, அது படிக்கட்டானது. கீழ்த்தளத்தில் குளியலறைக்குப் பின்னால் ஒரு சுவர் இருமுறை விழுந்து, நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நிற்கும் அளவுக்குச் சந்து விட்டது. அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சந்தின் வெளிப்பக்கம் தவறிப்போய் விழுந்திருந்த சின்னச் சதுரத்தை ஜன்னலாக்கினார். கதவு போட நினைத்தபோது எட்டாம் விசைக்குக் கை போனது. கதவு வேண்டாமென்று விட்டுவிட்டார்.

கெடு முடிவதற்குள் வரைபடம் நகராட்சிக்குப் போனது. ஒரு பிரதி கூமின் கைக்கும் போனது.

வுகோசாவ் பெட்ரோல் நிலையத்துப் பக்கத்துக் காப்பிக் கடையில் அதை மேசைமேல் விரித்துப் போட்டு, பூச்சு வேலைக்காரனின் விரலால் ஒவ்வொரு அறையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். விரல் சந்தில் நின்றது.

"கூமே, குளியலறைக்குப் பின்னாடி இது என்ன?"

நீ கொடுத்த மிஷின் கிழித்த கோடு என்று தெசிமிரின் நாக்கு வரை வந்தது. அங்கிருந்து வேறொன்றாக மாறி வெளியே வந்தது.

"வெப்பத் தடுப்பு அறை. இப்ப ஐரோப்பாவுல எல்லாம் இதைக் கேக்கறாங்க."

வுகோசாவ் காகிதத்தை இன்னும் கிட்டே இழுத்தார். இருபது வருஷத்துக்கு மேலாக ஐரோப்பாவின் சுவரையெல்லாம் பூசிய மனிதர். கதவில்லாத அறை ஒன்றை அவர் எங்கேயும் பூசியதில்லை. ஆனால் ஐரோப்பாவைப் பற்றித் தனக்குத் தெரியாத ஒன்று இந்த அடிக்கோலுக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்வதா?

"ஆமாமா," என்றார். "கிராட்ஸ்ல எல்லா வீட்லயும் இருக்கு. நான்தான் இங்க தேவைப்படாதுன்னு விட்டுட்டேன்."

அந்தப் பொய்யும் இந்தப் பொய்யும் கைகுலுக்கிக்கொண்டன. ஆய்வாளர் வியாழக்கிழமை வருகிறார். காகிதத்தில் இருக்கும் அறை வீட்டில் இல்லையென்றால் மகனின் மாடி போய்விடும். காகிதத்தைத் திருத்தலாம் என்ற யோசனை அந்த மேசையில் யாருக்குமே வரவில்லை. காகிதம் நகராட்சிக்குப் போய் முத்திரையும் வாங்கிவிட்டது. வீட்டுக்குத்தான் முத்திரை இல்லை. ஆகவே மாற வேண்டியது வீடு.

மச்சினன்மார் வந்தார்கள். செங்கல் வந்தது. தூண் எழும்பியது, தெருப் பக்கம் படிக்கட்டு இறங்கியது. கடைசியாக வெப்பத் தடுப்பு அறை. கதவில்லாத அறைக்கு உள்பூச்சு யார் பூசுவது என்று சண்டை வந்து, ஒல்லியான மச்சினன் திஹோமிரை உள்ளே விட்டுச் சுவரை மூடினார்கள். பூசி முடித்து அவன் அந்தச் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வெளியே வந்தான். தோள் மாட்டிக்கொண்டபோது சவர நுரை தடவி இழுத்தார்கள். இவ்வளவும் தன் ஒரு விரல் செய்த வேலை என்று தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்று, "கொஞ்சம் வலது பக்கம், இன்னும் கொஞ்சம்," என்று வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆய்வாளர் ஸ்மில்யா வந்தாள். காலணியில் சேறு பட்டால் முகம் சுளிக்கிற ரகமில்லை. கையில் அளவு நாடாவோடு கீழிருந்து மேலே ஒவ்வொரு சுவராக அளந்தாள். வுகோசாவ் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஏறினார். முற்றத்தில் தணலுக்கு மேலே கம்பியில் கோத்த ஆட்டுக்குட்டி சுழன்றுகொண்டிருந்தது. ஒப்புதல் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஆட்டுக்குட்டி அந்த ஊரில் ஒரு முன்னெச்சரிக்கை நடவடிக்கை.

அவளுக்கே வியப்பாகத்தான் இருந்தது. இத்தனை வருஷ உத்தியோகத்தில் வரைபடத்தில் இருக்கும் தூண் வீட்டிலும் இருந்ததை அவள் பார்த்ததில்லை. குளியலறைக்குப் பின்னால் போய், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, உள்ளே நாடாவை விட்டு அளந்தாள். பிறகு தெசிமிரைக் கூப்பிட்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு. இந்த ஒரு சுவர்தான் ஒதைக்குது. படத்துல சாஞ்சிருக்கு, இங்க நேரா இருக்கு."

அந்த வீட்டிலேயே நேராக இருந்த ஒரே சுவர் அதுதான். அவசரத்தில் கட்டியதால் மச்சினன்மாருக்குக் குடிக்க நேரமில்லாமல் போயிருந்தது.

"கம்ப்யூட்டர் கொண்டாந்திருக்கீங்கல்ல? இங்கயே அந்தக் கோட்டை அழிச்சுட்டு நேரா போட்டுக் குடுங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

தெசிமிர் சமையலறை மேசையில் மேக்கைத் திறந்தார். அழிக்கவும் வேண்டும், நேராகப் போடவும் வேண்டும். அவருக்கு வராத இரண்டும் ஒரே நேரத்தில், அதுவும் கூமின் கண் எதிரே. டெலீட்டை அமுக்கினார். கோடு இருந்தது. சரி, பக்கத்தில் நேராக ஒன்றாவது போட்டுக் காட்டுவோம் என்று கடவுளை நினைத்துக்கொண்டு எட்டாம் விசையைத் தட்டினார்.

ட்ரம்பெட் முழங்கியது.

அந்த வட்டாரத்தில் ட்ரம்பெட் சத்தம் கேட்டால் காரியம் முடிந்தது என்று பொருள். முற்றத்தில் நின்ற மச்சினன்மார் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். யாரோ முரசுக்கு ஏற்றபடி கைகோத்துக் கோலோ ஆட்டத்துக்கு வட்டம் கட்டிவிட்டார்கள். வுகோசாவ் கண்ணைத் துடைத்தபடி ரக்கியாத் தட்டோடு உள்ளே நுழைந்தார். தெசிமிர் பதறிப்போய் விசையைத் தட்டினார். பாட்டு நின்றது, வட்டமும் நின்றது. கோடு சாய்ந்தது. மறுபடி தட்டினார். வட்டம் சுழன்றது. நிறுத்தினார், நின்றது. இப்படியே சிறிது நேரம் ஒரு கால் தூக்கியபடி நிற்பதும் ஆடுவதுமாக அந்தக் குடும்பம் அவர் விரலின் கட்டுப்பாட்டில் இருந்தது.

ஸ்மில்யா விசைப்பலகையைப் பார்த்தாள். பிளாஸ்திரியைப் பார்த்தாள். கூமிடம் ஏதோ கோப்பு எடுத்து வரச் சொல்லி, அவரைத் தன் காருக்கு அனுப்பினாள். பிறகு நகத்தால் பிளாஸ்திரியை உரித்தாள்.

"இதை அமுக்கிப் பிடிங்க. விடாம. இப்ப எட்டைத் தட்டுங்க."

தட்டினார். சத்தமில்லை. கோடு ஊசி மாதிரி நேராக ஓடியது.

"அதே மாதிரி பிடிச்சுட்டு டெலீட்."

இத்தனை நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்த கோடு போய்விட்டது. அவ்வளவுதான். தெசிமிருக்கு அழுகை வந்தது, கோபம் வந்தது. ஆனால் கையை எடுக்க மட்டும் பயமாக இருந்தது.

"எங்க வீட்லயும் இதேதான்," என்றாள் ஸ்மில்யா. "தங்கச்சி ஸூரிக்லேர்ந்து அன்பளிப்பா அனுப்பிச்சா. ஒரு வருஷம் அழுதேன்."

சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் குளியலறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாள். பூச்சு இன்னும் ஈரம். கையைப் பார்த்தாள், பிறகு திரும்பித் தெசிமிரைப் பார்த்தாள்.

"அப்போ இந்த ரூமு..."

"மேடம், கூம்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

அவள் வாயில் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. வெளியே வுகோசாவ் காரின் பின்பக்கத்தைக் கிளறிக்கொண்டிருந்தார், இல்லாத கோப்புக்காக.

"காகிதமும் வீடும் ஒண்ணா இருக்கான்னு பாக்கறதுதான் என் வேலை. எதைப் பாத்து எதைப் போட்டீங்கன்னு கேக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இல்ல." கையை உதறிச் சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, கையெழுத்தைப் போட்டாள். போட்டுவிட்டு, ஆட்டுக்குட்டியில் தோள்பட்டைக் கறிதான் தனக்குப் பிடிக்கும் என்றும் சொன்னாள்.

மகனின் மாடி பிழைத்தது. மகன் கிராட்ஸிலிருந்து தொலைபேசியில் வாழ்த்தினான். வருவது பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது தெசிமிரின் இடது சுண்டுவிரல் எப்போதும் அந்த ஓர விசையின் மேல்தான். கோடு நேராகப் போகிறது, வேண்டாதது அழிகிறது. ரொசாந்தா ஐவாரை ஜாடியில் அடைத்தபடி, சத்தமே இல்லையே, தூங்குகிறாயா என்று கேட்கிறாள். ஒரே ஒரு தொந்தரவு. வுகோசாவ் வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லாம், கடைசியில் குரலைத் தாழ்த்தி, எங்களுக்கும் அந்த வெப்பத் தடுப்பு அறை உண்டுதானே என்கிறார்கள். அது வேண்டியதில்லை என்று முதலாமவரிடம் சொல்லிப் பார்த்தார். கூமுக்குச் செய்கிறாய், எங்களுக்கு மாட்டாயா என்று அவர் முகம் தொங்கிப்போனது. ஆகவே வரைகிறார். இப்போது அந்தச் சந்து எல்லா வரைபடத்திலும் இருக்கிறது, மிக நேரான கோடுகளோடு, கதவில்லாமல். திஹோமிருக்கு ஊரெங்கும் வேலை, உடம்பைக் குறைத்துக்கொண்டிருக்கிறான்.

போன வாரம் வுகோசாவ் வந்திருந்தார், கிராட்ஸுக்குத் திரும்புமுன் சொல்லிக்கொண்டு போக. எதிரே உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் வாடியது.

"கூமே, ஏன் இது ஊமையா இருக்கு? நான் குடுத்தது ரிப்பேராயிடுச்சா?"

"சேச்சே, அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றார் தெசிமிர்.

சுண்டுவிரலை ஓர விசையிலிருந்து எடுத்தார். எட்டாம் விசையைத் தட்டினார். வுகோசாவ் கண்ணை மூடிக்கொண்டு மேசையில் தாளம் போட ஆரம்பித்தார். கூம் எழுந்து போகும் வரை தெசிமிர் அன்று ஒரு கோடுகூட வரையவில்லை.